அடிபட்டவரே காவலர் என்றால் எங்கே போவது?

கேள்வி: நான் பெண் காவலர். ஏற்காடு பக்கம் டியூட்டி. கணவர் சேலம் மாநகரில் எஸ்.ஐ. குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் அவருடைய பேட்ச் ஆள் ஒருவர் இருப்பார். இப்போது ஆத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, ஸ்டேஷன் படியேறாமலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவில் மனுவை நேரே மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனுப் போட 27-வது பிரிவு இடம் தருகிறது. ஆகவே ஆத்தூரிலேயே போடுங்கள். உத்தரவின் நகல் அந்த எல்லைக்குள் வரும் ஸ்டேஷனுக்குத்தான் போகும், கணவரின் ஸ்டேஷனுக்கு அல்ல. உங்கள் நிலையில் இது பெரிய விஷயம்.

முதலில் சேலம் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போய், பாதுகாப்பு அலுவலரிடம் குடும்ப நிகழ்வு அறிக்கை (நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் அறிக்கை) எழுதி வாங்குங்கள். வக்கீல் வேண்டுமென்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண் என்றால் போதும், சம்பளம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். முதல் மனுவோடேயே 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். உங்கள் பிரமாணப் பத்திரத்தை வைத்தே, அவர் தரப்பைக் கேட்காமல் கொடுக்க முடியும். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். இடைக்கால உத்தரவைக் கேட்காமல் விட்டால் அவ்வளவு நாளும் பாதுகாப்பில்லாமல் இருப்பீர்கள். குவாட்டர்ஸ் அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை 19-வது பிரிவில் கேட்கலாம்.

பலர் சறுக்குவது ஆஸ்பத்திரியில்தான். அரசு மருத்துவமனை டாக்டர், காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்டு ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேட்டில்) எழுதுவார். ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டில் தெரிந்த முகம் நிற்கிறதே என்ற கூச்சத்தில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னால் அதுவே பதிவாகும். பிறகு குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை வைத்தே கேஸை உடைப்பார்கள். யார் அடித்தது, எதனால், எத்தனை மணிக்கு என்று சொல்லி, ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். மருத்துவ விடுப்பு எடுத்த தேதிகளையும் குறித்து வையுங்கள். இரண்டும் பொருந்தி வந்தால் நல்ல சாட்சி.

சிம் மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ. நம்பர் பழைய போனிலேயே இருக்கும், அதை வைத்துத் தேடுவது அவர் துறைக்குப் பழக்கமான வேலை. போனையே மாற்றுங்கள். அவரிடம் துப்பாக்கி இருந்து, அதைக் காட்டி மிரட்டியிருந்தால் மனுவில் தனியாக எழுதுங்கள். ஆயுதத்தைக் கைப்பற்ற மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும்.

கிரிமினல் புகாரும் வேண்டும் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 85-வது பிரிவு, கணவர் செய்யும் கொடுமைக்கு 3 ஆண்டு வரை சிறை. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அவருடைய யூனிட்டைச் சேராத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் சஸ்பெண்ட் ஆவார். "அவன் வேலை போயிடும், விட்டுடு" என்று மேலிடத்திலிருந்தே போன் வரும். அந்த அழைப்புகளின் தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். நீங்கள் மனுப் போட்டது ஒழுங்கீனம் ஆகாது.

கேள்வி: ஆண் காவலருக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: 2005 சட்டம் பெண்களுக்கு மட்டுமே. ஆனால் மனைவி அடித்துக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 115(2) பிரிவில் புகார் கொடுக்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை என்ற காரணம் காட்டி விவாகரத்தும் கேட்கலாம். ஏ.ஆர். காப்பி உங்களுக்கும் அவசியம்.