அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களை ஏன் மறுபடியும் பாடினார்?

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, அது எழுதியவருடையது. ஸ்டூடியோவில் பதிவான ஒலிக்கு, அதாவது மாஸ்டருக்கு, இன்னொன்று. இது பெரும்பாலும் கம்பெனியிடம் போய்விடும். வில்லங்கமே இங்கேதான்.

பென்சில்வேனியாவில் பிறந்த டெய்லரின் குடும்பம், அவருடைய கன்ட்ரி இசைக் (அமெரிக்கக் கிராமியப் பாணி) கனவுக்காக, அந்த இசையின் தலைநகரான நாஷ்வில் பக்கம் குடியேறியது. 2006-ல் பிக் மெஷின் என்ற புதுக் கம்பெனியில் முதல் ஆல்பம், அப்போது வயது 16. 2014-ல் '1989' ஆல்பத்தோடு முழுசாகப் பாப் பக்கம் வந்துவிட்டார். 2018-ல் கம்பெனி மாறினார். முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. மறு வருடம் ஸ்கூட்டர் பிரான் என்ற இசைத்துறை மேனேஜர் பிக் மெஷினை வாங்க, பிறகு மாஸ்டர்கள் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறின. டெய்லரிடம் இருந்தது எழுதியவர் உரிமை. சரி, அதே பாட்டைப் புதிதாகப் பாடினால் அந்தப் புது மாஸ்டர் யாருக்குச் சொந்தம்? இவருக்குத்தான்! சினிமாவோ விளம்பரமோ பழைய பதிவைக் கேட்டாலும் எழுதியவர் சம்மதம் வேண்டும், அதை மறுத்துவிடலாம்.

2021 முதல் 2023 வரை நான்கு ஆல்பங்கள் 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்று வந்தன. ஐந்தரை நிமிடப் பழைய பாட்டு ஒன்று பத்து நிமிடமாக நீண்டு வந்து, அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடம் பிடித்தது. சிலர் இதைப் பழிவாங்கல் என்கிறார்கள். எனக்கென்னவோ கெட்டிக்கார வியாபாரமாகத்தான் படுகிறது. 2025 மே மாதம் அந்தப் பழைய மாஸ்டர்களையும் அவரே விலைகொடுத்து வாங்கிவிட்டார்.