எல்லாமே டைப்-சி, ஆனால் ஏன் சார்ஜ் ஏறவில்லை?

கேள்வி: என் போன், டேப்லெட், லேப்டாப், ஹெட்போன் எல்லாமே டைப்-சி ஆகிவிட்டன. இனி ஏதாவது ஒரு கேபிள் போதும் என்று நம்பி, கையில் கிடைத்ததை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருக்கிறேன். ஒரு கேபிளில் போன் சட்டென்று சார்ஜ் ஆகிறது, இன்னொன்றில் மணிக்கணக்காகிறது. லேப்டாப் சார்ஜர் 100 வாட். ஆனாலும் வீடியோ எடிட் செய்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது. மானிட்டரில் செருகினால் படம் வருவதில்லை. புதிதாக வாங்கிய கையடக்க மின்விசிறி அந்தச் சார்ஜரில் ஏறவே மாட்டேன் என்கிறது. எதைத் திருப்பிக் கொடுப்பது, எந்தக் கேபிளை வாங்குவது?

பதில்: எதையும் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளில் மூன்றுக்குக் கேபிள்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மின்விசிறி விவகாரம் மட்டும் வேறு. அதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் டைப்-சி எப்படி வேலை செய்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய தட்டையான டைப்-ஏ சார்ஜரில் எப்போதும் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். எதைச் செருகினாலும் அது பாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும். டைப்-சி சார்ஜர் அப்படி இல்லை. மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியாகும் வரை அது மின்சாரத்தைத் திறந்துவிடாது. அந்த உறுதி எப்படிக் கிடைக்கிறது? கருவியின் துளைக்குள் 5.1 கிலோ ஓம் மதிப்புள்ள சின்ன ரெசிஸ்டர் (மின்தடை) இரண்டு இருக்க வேண்டும், பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்வதற்காக. அதைச் சார்ஜர் பார்த்ததும்தான் 5 வோல்ட் வரும். மலிவான மின்விசிறி, டார்ச், டிரிம்மர் போன்றவற்றில் சில தயாரிப்பாளர்கள் இந்த ரெசிஸ்டர்களைப் போடுவதே இல்லை. பெட்டியோடு வந்த டைப்-ஏ முதல் டைப்-சி வரையிலான கேபிளில் போட்டால் ஏறும். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டால் செத்த மாதிரி கிடக்கும். உங்கள் மின்விசிறியில் நடப்பது அநேகமாக இதுதான். இது வடிவமைப்பிலேயே உள்ள குறை. எந்த விலையுயர்ந்த டைப்-சி கேபிளை வாங்கினாலும் தீராது. டைப்-ஏ துளையுள்ள ஒரு பழைய சார்ஜரை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு இன்னும் இருந்தால் மின்விசிறியைத் திருப்பிக் கொடுப்பதும் நியாயமே.

பெயர் தெரியாத தயாரிப்பாளர்கள் மட்டும் இதில் சறுக்கவில்லை. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் இரண்டு ரெசிஸ்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றையே பகிர்ந்து போட்டுவிட்டார்கள். விளைவு, சாதாரணக் கேபிளில் அது இயங்கியது. உள்ளே சிப் வைத்த நல்ல கேபிளைச் செருகினால் சார்ஜர் அந்தக் கணினியை ஆடியோ கருவி என்று நினைத்து மின்சாரம் தர மறுத்தது. பின்னால் வந்த பலகைகளில் திருத்தினார்கள்.

சரி, இப்போது கேபிளுக்கு வருவோம். டைப்-சி என்றால் துளையின் வடிவம், அவ்வளவுதான். எவ்வளவு மின்சாரம் போகும், எவ்வளவு வேகத்தில் ஃபைல் போகும், படம் போகுமா போகாதா என்பதெல்லாம் அந்த வடிவத்தில் எழுதியிருக்காது. 2014-இல் அறிமுகமான இந்தத் துளைக்குள் 24 முனைகள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒயர் ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சார்ஜ் ஏற்றவும் பழைய யூஎஸ்பி 2.0 வேகத்தில் ஃபைல் அனுப்பவும் சில ஒயர்களே போதும். அதிவேகத் தரவுக்கும் படத்துக்கும் தனியாக நான்கு ஜோடி ஒயர்கள் வேண்டும். அவை இருக்கும் கேபிளும் இல்லாத கேபிளும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. ஒரு பல்பில் கூட எத்தனை வாட் என்று அச்சிடுகிறார்கள். கேபிளின் தலையில் இரண்டு எண்களைப் பொறிப்பதில் என்ன கஷ்டம்? யூஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பு 2022-இல் எளிய முத்திரைகளைக் கொண்டுவந்தது, வேகத்தையும் வாட்டையும் எண்ணாகவே காட்டும்படி. நல்ல காரியம். ஆனால் சான்றிதழ் பெறுவது கட்டாயம் இல்லாததால் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கேபிள்கள் மொட்டையாகவே வருகின்றன.

உங்கள் லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். டைப்-சி சார்ஜரும் கருவியும் செருகிய உடனே பேசிக்கொள்கின்றன. இந்தப் பேச்சுக்குப் பெயர் பவர் டெலிவரி. சார்ஜர் தன்னிடம் உள்ள வோல்ட்டேஜ்களை வரிசையாகச் சொல்லும்: 5, 9, 15, 20. கருவி தனக்கு வேண்டியதைக் கேட்கும். அதற்கு முன்பே சார்ஜர் கேபிளையும் விசாரிக்கிறது. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள எந்தக் கேபிளும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டும் என்றால் கேபிளின் தலைக்குள் ஈ-மார்க்கர் என்ற சின்னச் சிப் இருந்து, 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று சொல்ல வேண்டும். சிப் இல்லை என்றால் உங்கள் 100 வாட் சார்ஜர் 60 வாட்டோடு நின்றுவிடும். கேபிள் சூடாகி எரிந்துவிடாமல் இருக்க வைத்த பாதுகாப்பு இது, அதனால் குறை சொல்ல முடியாது. சாதாரண வேலைக்கு 60 வாட் போதுமாக இருக்கும், உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. வீடியோ எடிட் செய்யும்போது லேப்டாப் அதைவிட அதிகம் தின்னும்; பற்றாக்குறையைப் பேட்டரியிலிருந்து எடுக்கும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். சார்ஜரில் இரண்டு மூன்று துளைகள் இருக்கிறதா? அப்படியென்றால் 100 வாட் என்பது பெரும்பாலும் மொத்தக் கணக்கு. போனையும் கூடவே செருகினால் சார்ஜர் வாட்டைப் பிரித்துவிடும். அந்த நொடியில் லேப்டாப்பின் சார்ஜ் ஒரு தடவை நின்று மறுபடி தொடங்குவதைக் கூடக் கவனிக்கலாம். புதிதாகப் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம்.

கேபிள்தானா கோளாறு என்று எப்படி உறுதி செய்வது? மேக் வைத்திருந்தால் சுலபம். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பவர் என்ற பகுதியைப் பார்த்தால், இப்போது எத்தனை வாட்டுக்கு ஒப்பந்தமாகியிருக்கிறது என்று இருக்கும். வேறு லேப்டாப் என்றால் யூஎஸ்பி மீட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு கருவி கிடைக்கிறது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் திரையில் ஓடும். வாங்கும்போது உங்கள் சார்ஜரின் வாட்டைத் தாங்குமா, இரண்டு பக்கமும் டைப்-சியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது சோதியுங்கள். செருகியதும் முதலில் 5 வோல்ட் காட்டும், ஒரு கணத்தில் 20-க்குத் தாவும். கனமான வேலை ஓடும்போதும் ஆம்பியர் 3-ஐத் தாண்டாமல் முட்டிக்கொண்டு நின்றால் கேபிள்தான் தடுக்கிறது. அதே சார்ஜர், அதே லேப்டாப், கேபிளை மட்டும் மாற்றியதும் எண் 4-ஐத் தாண்டிப் போனால் சந்தேகத்துக்கே இடமில்லை. வீட்டில் நாலைந்து டைப்-சி கருவிகள் இருப்பவர்கள் எல்லோரும் இந்த மீட்டர் ஒன்று வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. கண்டபடி வாங்கிக் குவிக்கும் கேபிள் செலவை அது மிச்சப்படுத்தும்.

போன் மெதுவாக ஏறுவதற்குக் காரணங்கள் கொஞ்சம் அதிகம். முதலில் போனின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையில் இருக்கும் பஞ்சுத்தூசி உள்ளே போய் இறுகி, பிளக் முழுசாக இறங்காமல் நிற்பது மிகச் சாதாரணம். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். ஊசி, பின் எதுவும் வேண்டாம். அடுத்து, கேபிளின் ஒரு முனை டைப்-ஏ என்றால் பவர் டெலிவரி பேச்சு அதில் நடக்காது. ஒப்போ, ஒன்பிளஸ் போல சொந்த வேகச் சார்ஜ் முறை வைத்திருக்கும் போன்களுக்கு அந்த முழு வேகம் அவர்களுடைய சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும். சாம்சங்கின் 45 வாட் சார்ஜுக்கும் 5 ஆம்பியர் கேபிள் தேவை, 45 என்பது 60-க்குள் அடங்குகிறதே என்று சாதாரணக் கேபிளைப் போட்டால் வேகம் குறையும். போன் சூடாக இருந்தாலும், பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலும் வேகம் தானாகவே இறங்கும். அது கோளாறு அல்ல.

மானிட்டரில் படம் வர மூன்று பேரும் ஒத்துழைக்க வேண்டும். லேப்டாப்பின் அந்தக் குறிப்பிட்ட துளைக்குப் படம் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு என்று பெயர். இரண்டு டைப்-சி துளைகள் உள்ள லேப்டாப்பில் ஒன்றுக்கு மட்டும் இந்த வசதி இருப்பது உண்டு. துளைக்குப் பக்கத்தில் சின்ன டிஸ்ப்ளேபோர்ட் அடையாளமோ தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் மின்னல் அடையாளமோ இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மாடல் எண்ணைப் போட்டு விவரக்குறிப்பைப் படியுங்கள். மானிட்டரின் டைப்-சி துளையும் படம் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிலவற்றில் அது வெறும் யூஎஸ்பி ஹப்புக்கானது, அதாவது மவுஸ், கீபோர்டு போன்றவற்றை மானிட்டர் வழியாக இணைக்க மட்டும். மூன்றாவது கேபிள். நான் மேலே சொன்ன நான்கு ஜோடி ஒயர்கள் இல்லாத கேபிளில் படம் வராது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் தடித்த, விலையுயர்ந்த சார்ஜிங் கேபிளில் கூட அந்த ஒயர்கள் இருக்காது. ஆப்பிள் விற்கும் 240 வாட் சார்ஜ் கேபிளே தரவு விஷயத்தில் யூஎஸ்பி 2.0 தான். அதிக வாட் என்றால் அதிக வேகம் என்று அர்த்தமில்லை, இரண்டும் தனித்தனி.

ஃபைல் மாற்றுவதிலும் இதே கதைதான். யூஎஸ்பி 2.0-இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால் நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் கிடைக்கும். 50 ஜிபி வீடியோவை எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டிக்கு (வெளியே செருகும் வேகமான சேமிப்புக் கருவி) மாற்ற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 10 ஜிகாபிட் கேபிளும் அதற்கேற்ற எஸ்எஸ்டியும் இருந்தால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். வீடியோ எடிட் செய்யும் உங்களுக்கு இது முக்கியம். போனிலிருந்து மாற்றுவதாக இருந்தால் போனின் துளையையும் விசாரியுங்கள்: ஐபோன் 15-இல் துளையே யூஎஸ்பி 2.0 வேகம்தான், 15 ப்ரோவில் 10 ஜிகாபிட்.

அப்போ என்ன வாங்குவது? உங்களுக்கு இரண்டு கேபிள் போதும் என்பேன். சார்ஜுக்கு 240 வாட் என்று எழுதிய, இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒன்று. 100 வாட் என்று போட்ட கேபிள் இருந்தாலும் உங்கள் சார்ஜருக்குச் சரியாகப் பொருந்தும், ஆனால் புதிய தரத்தில் 60, 240 இரண்டுதான் இருக்கின்றன. மானிட்டருக்கும் எஸ்எஸ்டிக்கும் 40 ஜிகாபிட் என்று போட்ட யூஎஸ்பி4 அல்லது தண்டர்போல்ட் 4 கேபிள் ஒன்று. இது குட்டையாக இருக்கும். உள்ளே கூடுதல் சிப் இல்லாத சாதாரண வகை இந்த வேகத்தை 0.8 மீட்டர் வரைக்கும்தான் தாங்கும். விலையும் கூடத்தான். மேஜையிலேயே விட்டுவைக்கப்போகும் கேபிளுக்கு அந்த நீளம் பிரச்சினையாக இருக்காது. எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றையே வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அதில் 100 வாட்டோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் வாங்கலாம், வேலை செய்யும். ஆனால் தடித்த குட்டைக் கேபிளைப் போட்டுக்கொண்டு படுக்கையிலிருந்து போன் பார்க்க முடியாது.

வீட்டில் ஏற்கெனவே உள்ள கேபிள்களை ஒரு நாள் உட்கார்ந்து மீட்டரிலும் மானிட்டரிலும் போட்டுப் பாருங்கள். எது 5 ஆம்பியர், எது 3 ஆம்பியர், எதில் படம் வருகிறது என்று தெரிந்ததும் தலைப்பகுதியில் கலர் டேப் சுற்றிவிடுங்கள், அல்லது பெயின்ட் மார்க்கரால் எண்ணை எழுதிவிடுங்கள். தயாரித்தவர் எழுதாததை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு பொருள்களை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒன்று, டைப்-சி எக்ஸ்டென்ஷன் கேபிள். அப்படி ஒன்றுக்குத் தரத்திலேயே இடமில்லை. நடுவில் நீட்டியிருப்பது சார்ஜருக்குத் தெரியாது. முனையில் உள்ள கேபிளின் சிப்பை நம்பி 5 ஆம்பியர் அனுப்பும், நடுவில் உள்ள ஒயர் அதைத் தாங்காமல் போகலாம். இரண்டாவது, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் பிளக். முனைகள் வெளியே திறந்து கிடப்பதால் தூசியும் இரும்புத் துகளும் ஒட்டி ஷார்ட் ஆகலாம். தவறான கேபிள் கருவியையே கொல்லக்கூடும் என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015-இல் டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விமர்சனம் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, உள்ளே ஒயர்களைத் தவறாக இணைத்திருந்த ஒரு கேபிளைச் செருகியதும் அவருடைய லேப்டாப் பழுதானது. கொஞ்ச நாளில் தரத்துக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களை அமேசான் தன் தளத்தில் தடை செய்தது. கேபிள்களின் தரம் இன்று எவ்வளவோ மேல். ஆனாலும் வாட்டும் வேகமும் எங்கேயும் குறிப்பிடாத கேபிளை லேப்டாப்பில் மட்டும் செருகாதீர்கள்.