எலிவேஷன்

அன்புள்ள சார்,

அலுவலக வேலையாக மூன்று மாதம் லண்டனில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை பெக்ஸ்லிஹீத் போய் ரெட் ஹவுஸைப் பார்த்தேன். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸுக்காகக் கட்டடக்கலைஞர் பிலிப் வெப் கட்டிய வீடு. கைவினைக்கு மதிப்புக் கேட்ட ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கமே அங்கேதான் தொடங்கியது என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். ஒரு ஜன்னலுக்கு நேராக இன்னொன்று இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, மாடியில் வட்டமாய் ஓட்டைகள். மாரிஸ் மாதிரி சோஷலிஸ்ட் ஒருவர் இவ்வளவு பெரிய வீடு கட்டிக்கொண்டது சரியா? தமிழருக்கு இந்த இயக்கத்தோடு தொடர்பு உண்டா? அப்புறம், ஊரில் வீடு கட்டப்போகிறோம் (படம் இணைத்திருக்கிறேன்). அதேபோல் செங்கலைப் பூசாமல் விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் சில்லறைக் கணக்கை முடித்துவிடுகிறேன். 1859இல் கட்ட ஆரம்பிக்கும்போது மாரிஸுக்கு 25 வயது, குடும்பத்துச் செம்புச் சுரங்கப் பங்குகளில் வந்த பணம். சோஷலிஸ்ட் ஆனது 1883இல். பின்னால் வந்த கொள்கையைக் காட்டி முன்னால் கட்டிய வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பாதீர்கள். தமிழர் தொடர்பு உண்டு: பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூலை மாரிஸ் அச்சிட்ட அதே கை அச்சு இயந்திரத்தில்தான், இலங்கைத் தமிழர் வழிவந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி தன் சிங்களக் கலை நூலை 1908இல் அச்சிட்டு முடித்தார். அதைத் தனியாக எழுதவேண்டும், இப்போது வேண்டாம். இயக்கமே அங்கே தொடங்கியது என்பதும் கொஞ்சம் மிகைதான். வெப் உதவியாளராக இருந்த கட்டடக்கலைஞர் ஸ்ட்ரீட்டும், இன்னொரு கட்டடக்கலைஞர் பட்டர்ஃபீல்டும் பாதிரியார் வீடுகளை ஏற்கெனவே அப்படிச் செங்கல்லில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலுக்கு வருகிறேன். அந்த வரியைப் படித்ததும் சுருக்கென்றது, ஏனென்றால் இந்த மாதம் முழுக்க அப்பா கட்டிய வீட்டை விற்பது பற்றி அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவ்வளவு தூரம் போய் நீங்கள் பார்த்துவிட்டு வந்தது எலிவேஷனை, எஸ். தெருவில் போகிறவன் பார்க்கிற மாதிரி. வெப் வரைந்தது உள்ளேயிருந்து. இந்த அறையில் யார் உட்காருவார், என்ன செய்வார், அவருக்கு வெளிச்சம் எங்கே வேண்டும் என்று ஜன்னலை வைத்துவிட்டு, வெளிச்சுவர் எப்படி விழுகிறதோ விழட்டும் என்று விட்டார். மாடியில் உட்கார்ந்து பேசும் அறைக்கு மேற்கே சுவரைவிட்டுத் துருத்திய ஜன்னல், மாலை வெயிலுக்கு. ஆள் நடந்துபோக மட்டுமே ஆன மாடி நடைக்கு அந்த வட்டங்கள் போதும். ஓட்டை என்கிறீர்களே, ஒன்றின் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றீர்களா? அந்தப் பக்கம்தான் கிணறு, கூம்புத் தொப்பி போட்ட ஓட்டுக் கூரையோடு. இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். பல ஜன்னல்களுக்கு மேலே தேவாலயத்துக் கூர்வளைவு, கீழே சாதாரணத் தெரு வீடுகளில் இருக்கும் மேலும்கீழும் தள்ளுகிற ஜன்னல். சாஸ்திரப்படி சேரக்கூடாத ஜோடி. தள்ளித் திறக்க வசதி, அதனால் வைத்தார், அவ்வளவுதான்.

தப்பும் செய்தார். 28 வயது, தனியாக எடுத்த முதல் வீடு. முக்கிய அறைகளை வடக்கிலும் மேற்கிலும் வைத்துத் தோட்டத்துப் பக்கத்து வெயிலை நடைக்குக் கொடுத்துவிட்டார். வீடு குளிர் என்று பேர் வாங்கியது. மாரிஸும் உடம்பு முடியாமல், லண்டனுக்குப் போய்வரும் அலைச்சலும் சேர, 1865இல் கிளம்பிவிட்டார். இதற்காக வெப்பைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

எங்கள் வீட்டு இன்ஜினியர் அப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. தெருவைப் பார்த்த சமையலறை. மேடைக்கு எதிரே வரவேண்டிய ஜன்னல் மாடி ஜன்னலுக்கு நேராக இல்லை, எலிவேஷன் கெட்டுப்போகும் என்று மூன்றடி தள்ளி வைத்தார். தெருவே பாராட்டியது, அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மூலையில்தான் ஃப்ரிட்ஜுக்கு இடம். அம்மா 22 வருடம் பகல் பத்து மணிக்கு டியூப்லைட் போட்டுக் காய் நறுக்கினாள். அரிசியில் கல் பொறுக்க மட்டும் முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வருவாள், வெயிலுக்கு முறத்தை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. குறை சொன்னதே இல்லை. ஒரே ஒரு தடவை அண்ணனிடம், “அந்த ஜன்னல்ல ஃப்ரிட்ஜ்தாண்டா வேடிக்கை பாக்குது” என்றாள். வீடு பார்க்க வந்த புரோக்கர் போன வாரம் சொன்னது: “எலிவேஷன் இன்னும் நல்லா இருக்கு சார்.”

நீங்கள் அனுப்பிய த்ரீடி படத்தைத் திறந்தேன். ஊதா வானம், வாசலில் யாருடையதோ கார், இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த மாதிரி ஜன்னல்கள். அடுப்பு எங்கே என்று தேடினேன், இல்லை. உங்கள் வீட்டில் சமைக்கிறவர் யார் என்றுகூட எழுதவில்லையே ஐயா! அவரைக் காலை, மத்தியானம் இரண்டு வேளையும் மனையில் கொண்டுபோய் நிறுத்தி, மேடையையும் ஜன்னலையும் அவர் கையாலேயே பென்சிலில் போடச் சொல்லி எனக்கு அனுப்புங்கள்.

செங்கல் கேட்டீர்கள், மறந்தே போனேன். நல்ல சூளைக் கல்லும், வரி பிசகாமல் அடுக்குகிற கொத்தனாரும் கிடைத்தால் விடுங்கள். இல்லையென்றால் பூசிவிடுங்கள், மாரிஸ் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.