சூடு போடாத கன்று

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகனின் ஆபீஸுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறாராம். குடும்பப்பெயர் 'மேவரிக்'. அகராதியைப் புரட்டினால் 'யாருக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் போகிறவர்' என்று போட்டிருக்கிறது. ஒரு பரம்பரைக்கே இப்படிப் பெயர் வைப்பார்களா? – ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: அம்மா, தலைகீழாகப் பிடித்துவிட்டீர்கள். சொல்லைப் பார்த்து அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வரவில்லை. குடும்பத்தின் பெயர்தான் அகராதிக்குள் நுழைந்தது. அதுவும் மாட்டுத் தொழுவம் வழியாக!

சாமுவேல் அகஸ்டஸ் மேவரிக் 1803ல் தென் கரோலினாவில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்த வக்கீல். டெக்சஸுக்குப் போய், 1836ல் மெக்சிகோவிடமிருந்து அது பிரிந்த சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். 1839ல் சான் அன்டோனியோவின் மேயர். மனிதருக்கு நிலம் என்றால் உயிர். 1870ல் அவர் இறந்தபோது பேரில் இருந்தது 3 லட்சம் ஏக்கருக்கு மேல். மாடு கன்றில் மட்டும் துளிக்கூட ஆசை கிடையாது.

விதியைப் பாருங்கள், 1840களில் அவருக்கு 1,200 டாலர் தரவேண்டிய ஒருவர் பணத்துக்குப் பதிலாகச் சுமார் 400 மாடுகளை ஓட்டிவிட்டார். வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்ட இவர், கடலோரத்து மடகோர்டா தீபகற்பத்தில் ஓர் அடிமைக் குடும்பத்தின் பொறுப்பில் அவற்றை விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்து டெக்சஸில் மேய்ச்சலுக்கு வேலி கிடையாது. எல்லார் மாடும் ஒன்றாகத்தான் திரியும். அதனால் கன்று தாயோடு இருக்கும்போதே பிடித்துக் கட்டி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொடையில் சொந்தக்காரரின் குறியைச் சூடு போட்டுவிடுவார்கள். குறிதான் பட்டா. மேவரிக்கின் கன்றுகளில் பாதிக்கு மேல் அந்தச் சூடே இல்லாமல் வளர்ந்தன. வெறும் தொடையோடு ஒரு கன்று கண்ணில் பட்டால், "இது மேவரிக்குடையதாக இருக்கும்" என்பார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் குறியைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு! சரி, நமக்கு இது சரிப்படாது என்று அவர் 1856ல் மொத்த மந்தையையும் விற்றுவிட்டார். மாடு போனது, பெயர் நின்றுவிட்டது. குறியில்லாத எந்த மாடும் 'மேவரிக்' ஆனது. அப்புறம், எந்தக் கட்சிக் குறியும் தன்மேல் விழவிடாத அரசியல்வாதியும் 'மேவரிக்'.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'கோயில் காளை' பக்கத்தில் வருகிறது. ஆனால் கோயில் காளைக்குச் சாமி சொந்தக்காரர். இதற்கு அந்த நாதியும் இல்லை. 'அடங்காதவன்' என்றால் வசவாகிவிடும். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் பாராட்டு, கொஞ்சம் உஷாரோடு செய்கிற பாராட்டு.

பெயர் கன்றுக்கு முந்தியது என்பதற்கு பாஸ்டனே சாட்சி. 1770 மார்ச்சில் அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் இறந்தவர்களில் ஒருவன், அதே பெயர் கொண்ட வேறொரு 17 வயது சாமுவேல் மேவரிக். கிழக்கு பாஸ்டனில் இன்றும் 'மேவரிக்' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது.

இந்தக் குடும்பம் அகராதிக்கு இன்னொரு சொல்லும் கொடுத்திருக்கிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். நம் டெக்சஸ் சாமுவேலின் பேரன் மோரி மேவரிக், அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்தவர், தாத்தாவைப் போல சான் அன்டோனியோ மேயரும்கூட. 1944ல், போர்க்கால அரசு நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தபோது, சுற்றறிக்கைகளின் வாயில் நுழையாத மொழியைப் பார்த்து எரிச்சலாகி அதற்கு 'கோபில்டிகுக்' என்று பெயர் வைத்தார். வான்கோழி தலையைத் தூக்கிக்கொண்டு வீறாப்பாகக் கத்துமே, அந்தச் சத்தம். 'ஆக்டிவேஷன்', 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதுகிறவர்கள் சுடப்படுவார்கள் என்றுகூட ஊழியர்களுக்கு எழுதினார். முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். 'மேற்காண் பொருள் தொடர்பாகப் பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று நானே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அவரிடம் வேலை பார்த்திருந்தால் முதல் குண்டு எனக்குத்தான்.

உங்கள் மகனுக்கு ஒரு விஷயம். ஆங்கிலத்தில் பெரிய எம் போட்டால் ஆள், சின்ன எம் போட்டால் அடங்காத கன்று. அந்த மனிதருக்கு மெயில் எழுதும்போது கவனம். "பெயருக்கு ஏற்ற மாதிரிதானா நீங்கள்?" என்று கேட்கவும் வேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும்.