கவாத்தும் கோட்லினும்

கேள்வி: அக்கா, குன்னூரில் நண்பர்கள் இருவர் சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்கு 2016இல் ஆண்ட்ராய்டு செயலி செய்து கொடுத்தோம். இலை எடை போட்டதும் புளூடூத் தராசிலிருந்து கணக்கு செயலிக்கு வந்துவிடும். சிக்னல் கிடைக்கும்போது தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும். நிரல் எல்லாம் ஜாவா மொழியில்தான், ஏறத்தாழ 40,000 வரிகள். மாதத்துக்கு நான்கைந்து முறை எடை போடும் நேரத்தில் செயலி நின்றுவிடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர், “மூன்று மாதம் கொடுங்கள், முழுவதையும் கோட்லின் மொழியில் எழுதிவிடலாம்” என்கிறார். என் கூட்டாளியோ, “ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்?” என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது? பிழைப் பதிவையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். (குன்னூர் வாசகர்)

பதில்: கோட்லினுக்கு மாறுங்கள் தம்பி. ஆனால் முழுவதையும் திரும்ப எழுத வேண்டாம்.

உங்கள் ஊரிலும் எங்கள் கோத்தகிரியிலும் கவாத்து எப்படி நடக்கிறது? நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டத்தான் வேண்டும். விட்டால் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதற்காக இருக்கிற இரண்டு ஏக்கரையும் ஒரே மாதத்தில் வெட்டுகிறவர் யார்? வெட்டிய செடி மறுபடி கொழுந்து விட மாதக்கணக்காகும். அதனால் இந்த வருடம் ஓடையோரம், அடுத்த வருடம் மேட்டுப்பகுதி என்று என் அப்பா பிரித்துக்கொள்வார். மற்ற செடிகளில் பறிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

கோட்லினில் அப்படிப் பகுதி பகுதியாகச் செய்ய முடியும் என்பதுதான் உங்களுக்குச் சாதகம். ஒரே செயலிக்குள் ஒரு கோப்பு ஜாவாவிலும் பக்கத்துக் கோப்பு கோட்லினிலும் இருக்கலாம். ஒன்றை ஒன்று நேரடியாக அழைக்கலாம். இரண்டும் கடைசியில் ஒரே வகை பைட்கோடாக, அதாவது இயந்திரத்துக்கான இடைநிலைக் குறிமுறையாக, மாறுவதால், எது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது போனுக்குத் தெரியாது. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2011இல் இந்த மொழியை அறிவித்தபோதே ஜாவாவோடு ஒத்துப்போவதை ஒரு நோக்கமாக வைத்திருந்தது. 2017இல் கூகுள் இதை ஆண்ட்ராய்டுக்கு அதிகாரபூர்வமாக ஏற்றது. 2019இல் இனி கோட்லினுக்கே முதலிடம் என்று அறிவித்தது. ஆகவே நாளைக்கு இது காணாமல் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம்.

இப்போது உங்கள் பிழைப் பதிவு. பதினொரு முறை செயலி நின்றிருக்கிறது. அவற்றில் எட்டு, நல் பாயின்டர் பிழை. எடை வந்திருக்கும் என்று நம்பி நிரல் அந்த இடத்துக்குப் போயிருக்கிறது, அங்கே ஒன்றுமில்லை. தராசின் இணைப்பு அறுந்திருக்கலாம், விவசாயியின் வங்கிக் கணக்கு எண் பதியப்படாமல் இருக்கலாம். இந்த வெற்று மதிப்பை 1965இல் அல்கால் டபிள்யூ என்ற பழைய நிரல்மொழிக்குள் கொண்டுவந்த கணினி அறிஞர் டோனி ஹோர், 2009இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றே சொன்னார். கோட்லினில் ஒரு மதிப்பு வெறுமையாக இருக்கக்கூடுமா என்பதை வகையிலேயே, ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதிவிட வேண்டும். கேள்விக்குறி இருக்கிற இடத்தில் வெறுமைக்கு வழி சொல்லாமல் போனால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். பிழை உங்கள் மேசையில் தெரியும். சாரல் மழையில் மூட்டையோடு நிற்கிற பெண்ணின் முன்னால் தெரியாது. மூட்டைக்குள் அழுத்தி வைத்த இலை சூடேறிச் சிவந்தால் அவருக்குத்தான் விலை குறையும். எனக்கு இந்த விஷயத்தில் வேறு எதையும்விட அதுதான் பெரிது.

எச்சரிக்கை இரண்டு உண்டு. செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஜாவாக் கோப்பைக் கோட்லினாக மாற்றித் தரும் வசதி இருக்கிறது. அது சந்தேகம் வந்த இடங்களில் இரண்டு ஆச்சரியக்குறிகளைப் போட்டுவிடும். “இது வெறுமையல்ல, நான் பொறுப்பு” என்று அதற்குப் பொருள். வெறுமையாக இருந்துவிட்டால் செயலி பழையபடியே நிற்கும். அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகத் தேடி, யோசித்து, நீக்குங்கள். அடுத்தது, ஜாவாவிலிருந்து கோட்லினுக்குள் வரும் மதிப்புகளைக் கம்பைலர் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்காது. எல்லையில் நிற்கும் ஜாவாச் செயல்பாடுகளில் நல்லபிள் (வெறுமையாகலாம்), நான்நல் (வெறுமையாகாது) என்ற குறிப்புகளை நீங்களே எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் மாறியவர்கள்தான் “கோட்லினிலும் அதே பிழை” என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் எதை மாற்றுவது? தராசோடு பேசும் பகுதியை. அடுத்து, கணக்கை அனுப்பும் பகுதியை. அதில் பின்னணி வேலைக்கான ஏசிங்க்டாஸ்க் என்ற பழைய வசதியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு 11இலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். திரையை முடக்காமல் பின்னணியில் வேலை நடத்தும் கோட்லினின் கோரூட்டீன்கள் அதற்குப் பொருத்தமானவை. அறிக்கைப் பக்கங்களைத் தொடவே வேண்டாம், அவை ஒழுங்காக ஓடுகின்றன. ஜனவரிப் பனியில் இலை வரத்து குறையும் வாரங்களில் தொடங்குங்கள்.

முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றி நான் அனுபவித்தவள். ஆப்பிள் 2014இல் ஸ்விஃப்ட் என்ற புதிய மொழியை அறிவித்தது. ஆர்வத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விடுதி முன்பதிவுச் செயலியை மறுவருடமே பழைய அப்ஜெக்டிவ்-சி மொழியிலிருந்து அதற்கு மாற்றினேன். 2016இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பெயர்கள், அழைக்கும் முறைகள் என எத்தனையோ மாறின. ஏப்ரல் மே சீசனுக்காகச் செய்ய வேண்டிய மாற்றங்களை விட்டுவிட்டு, பழைய வரிகளையே இரண்டு மாதம் சரிசெய்தேன். மொழி அப்போது இளசு. அது தெரிந்தும் அவசரப்பட்டது என் தவறு. கோட்லின் அந்தப் பருவத்தை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் ஓடும் செயலியைக் கலைத்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மாதங்களை உங்களுக்கு நான் விரும்பவில்லை.

உங்கள் கூட்டாளியை ஒதுக்கிவிடாதீர்கள். விவசாயி எப்போது தொகை கேட்பார், தராசு எப்போது தொந்தரவு செய்யும் என்பதெல்லாம் அவர் மனத்தில்தான் இருக்கிறது. முதல் கோட்லின் கோப்பை இளைஞர் எழுதட்டும், கூட்டாளி வரிவரியாகப் படித்துச் சரிபார்க்கட்டும். அவருக்குப் புரியாத எதையும் செயலிக்குள் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஊட்டியில் தங்கும் விடுதிகளுக்குப் புதிய செயலி தொடங்குகிறோம். ஐபோனுக்கும் வேண்டும். ஃபிளட்டர் சரிவருமா? (ஊட்டி வாசகர்)

பதில்: சரிவரும். பழைய நிரல் ஏதுமில்லை, தராசு போன்ற கருவிகளும் இல்லை. ஃபிளட்டரில் டார்ட் மொழியில் ஒருமுறை எழுதினால் இரண்டு வகைப் போன்களுக்கும் ஆகும். மேலே எழுதிய குன்னூர்த் தம்பிக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கல்லூரியில் ஜாவாதான் சொல்லித் தருகிறார்கள். நேர்முகத் தேர்வில் கோட்லின் கேட்கிறார்கள். மூன்று வருடம் வீணா, அம்மா? (கூடலூர் மாணவி)

பதில்: இல்லையம்மா. கோட்லினில் எழுதும்போதும் நீங்கள் அழைப்பது பெரும்பாலும் நீங்கள் படித்த அதே ஜாவா நூலகங்களைத்தான். உங்கள் கல்லூரி புராஜெக்டில் மிகச் சிறிய ஒரு கிளாஸை எடுங்கள். தானியங்கி வசதியைத் தொடாமல், கையாலேயே கோட்லினில் எழுதி எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.