வாசகர் கேள்வி-பதில்: மாவோரி மொழிய யாரு காப்பாத்துனாங்க?

கேள்வி: நியூசிலாந்துல மாவோரி மொழி அழியுற நிலைமைக்குப் போயி திரும்பி வந்துச்சுன்னு சொல்றாங்களே, சட்டம் போட்டுத்தான் காப்பாத்துனாங்களா? – ஒரு வாசகி, தேனி

பதில்: சட்டம் வந்தது 1987-லதாங்க. அதுக்கு முன்னாடியே வேலைய ஆரம்பிச்சது இளவட்டங்களும் தாத்தா பாட்டிங்களும்தான்.

மாவோரிங்கறவங்க அந்த நாட்டுப் பூர்வகுடி மக்கள். ரொம்ப காலமா அங்க ஸ்கூல்ல மாவோரி பேசுனா அடி விழுந்துச்சு, அப்படி அடி வாங்கி வளந்தவங்க நம்ம பிள்ளைக்காவது இது வேணாம்னு வீட்டுலயே இங்கிலீஷுக்கு மாறிட்டாங்க, அவங்கள எப்படிங்க குறை சொல்ல முடியும்? ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் பொழப்பு தேடி கூட்டம் கூட்டமா டவுனுக்குப் போனப்ப, அரசாங்கம் மாவோரி குடும்பங்கள ஒரே இடத்துல சேர்ந்து இருக்க விடாம வெள்ளைக்காரங்க தெருக்கள்ல ஆளுக்கொரு பக்கமா குடி வெச்சுது. அப்புறம் குழந்தை வெளிய யார்கிட்ட மாவோரி பேசும்?

1972-ல 30,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு, ஸ்கூல்ல எங்க மொழிய சொல்லிக்குடுங்கன்னு பார்லிமென்ட்டுல மனு குடுத்தாங்க, முன்னால நின்னு அலைஞ்சது எல்லாம் இளவட்டப் பசங்க. ஆனா எனக்குப் பெருசா படுறது 1982தான். வெலிங்டன் பக்கத்துல வைனுயோமாட்டால முதல் கோஹாங்கா ரியோ, அதாவது "மொழிக் கூடு"ங்கற மழலையர் கூடம் திறந்தாங்க. ஸ்கூல் போற வயசு வராத குழந்தைங்க, கூடவே மொழி தெரிஞ்ச தாத்தா பாட்டிங்க, சாப்பாடு விளையாட்டு பாட்டு எல்லாமே மாவோரிலதான், புஸ்தகம் வெச்சு பாடம் நடத்துறதெல்லாம் கிடையாது. மூணே வருஷத்துல 300-க்கு மேல வந்துடுச்சு! அந்தக் குழந்தைங்க வளந்ததும் படிக்க ஸ்கூல் வேணுமேன்னு 1985-ல மாவோரிலயே பாடம் நடத்துற பள்ளியும் ஆரம்பிச்சாங்க.

இதுக்கு நடுவுல 1984-ல நைடா கிளாவிஷ்ங்கற டெலிபோன் ஆபரேட்டர் போன்ல "கியா ஓரா"ன்னு வணக்கம் சொன்னதுக்கு, அப்படிச் சொல்லக்கூடாதுன்னு மேலதிகாரி தடுத்தாரு, அந்தம்மா முடியாதுன்னுட்டாங்க, விஷயம் நாடு பூரா பேசப்பட்டு கடைசில அவங்க பக்கம்தான் ஜெயிச்சுது.

1987 சட்டத்துல மாவோரி ஆட்சிமொழி ஆச்சு, கோர்ட்ல பேசுற உரிமையும் கிடைச்சுது. அது வேண்டியதுதான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா இன்னைக்கும் மாவோரி மக்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சரளமா பேச வராது, ஒரு தலைமுறைக்கு விட்டுப்போனத அவ்வளவு லேசுல சரிக்கட்ட முடியல, அதனால பிள்ளைங்களோட சேர்ந்து அப்பா அம்மாவும் படிக்கிறாங்க.