சென்னையில் மாதவரம், புழல் பக்கம் புது நகர்களில் மட்டும் ஏன் இத்தனை முட்டுச்சந்து? பழைய ஜார்ஜ் டவுனில் அப்படி இல்லையே?

காரணம் நிலத் துண்டின் வடிவம். ஜி.என்.டி. சாலையை (சென்னையிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை) ஒட்டி இருந்ததில் பெரும்பகுதி வயல். நீளமாக, ஒடுங்கலாக இருக்கும். அதை மனையாக்குபவர் நடுவில் ஒரு தெரு போட்டு, இரண்டு பக்கமும் மனை பிரித்து, பின்வரப்பில் தெருவை முடித்துவிடுவார். சில வருடம் கழித்துப் பக்கத்து நிலத்துக்காரரும் அதையே செய்வார். நடுவில் காம்பவுண்டுச் சுவர். குறுக்குத் தெரு விட்டால் இரண்டு மனை போய்விடும், யார் விடுவார்?

2011-ல் மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தது. இந்தப் பகுதிகள் உள்ளே வரும்போதே பல நகர்களில் தெரு போட்டு, மனை விற்று, பத்திரமும் முடிந்திருந்தது. வீட்டை இடித்துக் கட்டலாம்; தெருவை மாற்ற முடியாது. அங்கீகாரமில்லாத மனைகளுக்காக 2017-ல் வந்த வரன்முறைத் திட்டமும் (2016 அக்டோபர் 20 வரை பதிவானவை) காகிதத்தைத்தான் சரிசெய்தது, சுவரை இடிக்கவில்லை.

உங்கள் பகுதியை நீங்களே அளக்கலாம். முட்டுச்சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4 என்று போட்டுச் சராசரி எடுங்கள். 6 முச்சந்தி, 1 நாற்சந்தி, 3 முட்டுச்சந்து என்றால் 25-ஐ 10-ஆல் வகுத்து 2.5. இது மோசம். ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் எண்ணினால் 3-க்கு மேலேயே நிற்கும். அடுத்து, நடைத் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். ஒழுங்கான கட்டத் தெருக்களில் சந்தியிலிருந்து சந்திக்கு அளந்தால் இது சுமார் 1.41-ஐத் தாண்டாது. புது நகரில் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்கு எடுத்துப் பாருங்கள், 5, 6 கூட வரும்.

வட சென்னையில் முதல் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையில் உள்தெருக்கள் நன்றாகவே பின்னியிருக்கின்றன. ஆனால் வெளியே வர ரயில் பாதையையோ பக்கிங்காம் கால்வாயையோ தாண்டியாக வேண்டும். கேட் மூடினால், கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் நின்றால், உள்ளே எத்தனை சந்தி இருந்தும் பயனில்லை. அதனால் வெளியேறும் வழிகளைத் தனியாக எண்ணுங்கள்.

முட்டுச்சந்தில் போக்குவரத்து மட்டும் கெடுவதில்லை. குடிநீர்க் குழாயும் அங்கேயே முடிவதால் கடைசி வீட்டில் அழுத்தம் குறையும், வண்டல் தேங்கும். தண்ணீர் லாரியும் குப்பை வண்டியும் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். தரைச் சரிவு சுவரை நோக்கி இருந்தால் மழைநீர் அங்கேயே நிற்கும்.

மனை வாங்கப் போகிறீர்களா? அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தையும் எஃப்.எம்.பி.யையும் (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரு எல்லைக்கோட்டைத் தொடுகிறதா, அதுவரைக்கும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். கடைசி ஓர் அடியை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு. பக்கத்து நிலம் மனையாகும்போது அந்த ஓர் அடிக்குத்தான் பேரம் நடக்கும்.